நுரை அடங்கிய தே தாரிக்

பட்டர்வொர்த், மலேசியா,
ஞாயிறு இரவு

தம்பிக்கு,

மெல்பர்னில் நம்மூர்ச் சாப்பாட்டுக் கடை என்று நீ அனுப்பிய படம் வந்தது. ரொட்டி சானாய் 14 டாலரா! இங்கே முனைக் கடையில் இன்னும் ஒன்றரை வெள்ளிதான். கடைக்கார நானாவிடம் காட்டினேன், சிரித்துவிட்டார். கல்லிலிருந்து எடுத்த சூட்டோடு இரண்டு கையாலும் பக்கவாட்டில் தட்டி நொறுக்கினால்தானே மடிப்பு விரியும்? அங்கே தட்டவே இல்லை. பருப்புக் குழம்பையும் மருந்து மாதிரி அளந்து வைத்திருக்கிறார்கள். ஐந்து வயதிலேயே "பஞ்சிர்!" என்று அதட்டி, ரொட்டி மூழ்க ஊற்ற வைத்த பிள்ளை நீ. அங்கே போய் வாய் செத்துவிட்டதா?

வேளைக்குச் சாப்பிடு. தனியாகப் போய் உட்காராதே. தோளில் சுமக்கும் கண்டார் கம்பில் தொங்கி வந்த சோற்றை உன் தாத்தா பினாங்குத் துறைமுகத்தில் நின்றுகொண்டே சாப்பிட்டவர். அவருக்குக்கூட பக்கத்தில் நாலு பேர் இருந்தார்கள்.

அம்மாவுக்குக் கால்வலி தேவலை. பெரியம்மா வீட்டுக் கல்யாணத்துக்கு நீங்கள் வராததைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. என் மகனுக்கு அவ்வளவு பெரிய பொறுப்பு, லீவு கிடைக்காது என்று பந்தி பந்தியாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். தீபாவளிக்கும் மருமகள் பேசவில்லை. வேலை அதிகமாக இருக்கும்.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மேசையில் ஒரே ஒரு கிளாஸ். தூக்கி ஆற்றிய தே தாரிக் டீயின் நுரை அடங்கி, ஆடை படிந்து, அதுவும் சுருங்கியிருந்தது. அதற்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று எனக்குத் தெரியும், தம்பி.

1998-இல் ஓவர்டைம் என்று சொல்லி இரவு பத்து மணிக்கு வருவேனே, அப்போது எனக்கு வேலையே இல்லை. பிறை ஊர்த் தொழிற்சாலையில் எங்கள் ஷிப்டு முழுவதையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அந்த வருடம் நாட்டில் எத்தனையோ பேருக்கு அதே கதிதான். ஆனாலும் அம்மாவிடம் சொல்ல வாய் வரவில்லை. நான்கு மாதம் யூனிபார்மை மாட்டிக்கொண்டு கிளம்பி, அதே முனைக் கடையில் ஒரு கிளாஸை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நானா ஒருநாளும் எழுந்திருக்கச் சொன்னதில்லை. நீ சைக்கிளை நிறுத்திவிட்டு, கறிச்சட்டிகள் அடுக்கிய கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று "அப்பா" என்றாய். அத்தனை பேர் முன்னால் உன்னை அறைந்தேன்.

நீ அதை வீட்டில் சொல்லவே இல்லை. எட்டு வயதுப் பிள்ளை. கெட்டிக்காரன் என்று அப்போது நிம்மதிப்பட்டேன். அந்த நிம்மதியை நினைத்தால்தான் இப்போது தூக்கம் வருவதில்லை.

இந்தக் கடிதம் எழுதுவது அம்மாவுக்குத் தெரியாது. வேளைக்குச் சாப்பிடு. தினமும் ஏழு மணிக்கு மேல் நான் கடையில்தான் இருப்பேன், அம்மா பக்கத்தில் இருக்கமாட்டாள். அங்கே மணி பத்து ஆகியிருக்கும். பரவாயில்லை, கூப்பிடு.

அப்பா