சப்பை மூக்கன் மூச்சு விட்டான்

ஏஜக்ஸ், கனடா,
ஞாயிறு இரவு

அன்புள்ள மச்சான்,

இன்று மத்தியானம் லொறி ஸ்ரார்ட் வந்துவிட்டது. நாலு வருடத்துக்குப் பிறகு. நகத்துக்குள் கிறீஸ் இன்னும் போகவில்லை, அதோடு இருந்துதான் எழுதுகிறேன். ஆருக்காவது சொல்ல வேண்டும் என்று நினைத்தபோது உன்னைத் தவிர வேறு ஒருவரும் மனதில் வரவில்லை. பத்து மாதமாக உனக்கு ஒரு வரி எழுதாமல் இருந்ததற்கு முதலில் மன்னித்துக்கொள்.

இங்கே எல்லாரும் சுகம். மூத்தவள் வேலைக்குப் போகிறாள். சின்னவன் இன்னும் படிக்கிறான். மாமிக்கு முழங்கால் நோ கொஞ்சம் குறைவு. உன் இளையவளின் சோதனை முடிவை, நாங்கள் ‘கண்ணாடி’ என்று கூப்பிடுகிறவன் சொன்னான். கெட்டிக்காரி. அந்தக் கணக்கு மூளை உன் பக்கத்தால் வந்ததில்லை என்பது எனக்கும் தெரியும், கணபதி மாஸ்டருக்கும் தெரியும். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

போன மார்கழியில் நான் படம் அனுப்பியபோது நீ ஒரு வரிதான் பதில் எழுதினாய். “பச்சை லொறி பார்த்த ஆசை உனக்கு இன்னும் தீரவில்லையோ?” முதலில் கோபம் வந்தது. பிறகு உன் அண்ணாவை நினைத்தேன், கோபம் போய்விட்டது. அவரை ஏற்றிக்கொண்டு போனதும் ஒரு பச்சை இராணுவ லொறிதான். ஒழுங்கை முடக்கில் அது திரும்பும்வரை நானும் உன் பக்கத்தில்தான் நின்றேன். அப்படி இருக்க உனக்கு என்ன நியாயம் சொல்ல? இரண்டு தரம் எழுதத் தொடங்கிக் கிழித்துப் போட்டேன்.

இப்போது சொல்கிறேன். நான் வாங்கியது சப்பை மூக்கன், மச்சான், இரண்டாம் உலகப் போர்க் காலத்து இராணுவ லொறி.

உன் அப்புவின் புகையிலைக் கொட்டிலுக்குப் பின்னால், பனைகளுக்கு நடுவில், சில்லு நாலும் இல்லாமல் கல்லுக்கு மேல் நின்றதே, அதே முகம். முன்பக்கம் மூக்கே இல்லாமல் சப்பை. கண்ணாடி இரண்டும் மேலே முன்னுக்குத் தள்ளி, கீழே உள்ளுக்குச் சரிந்து, ஆரையோ குனிந்து பார்க்கிற மாதிரி இருக்கும். நீ எப்போதும் சாரதி, நான் எப்போதும் கிளீனர். ஒரு நாளாவது என்னை ஸ்ரியறிங்கில் இருக்க விட்டாயா? கொழும்புக்குப் போய்ப் புகையிலை இறக்கிவிட்டு, இருட்டுவதற்குள் திரும்பி வந்துவிடுவோம்.

சின்னவனை ஒரு சனிக்கிழமை ஒஷாவாவில் இருக்கிற ஒன்ராறியோ றெஜிமென்ற் நூதனசாலைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. பழைய இராணுவ வாகனங்களை ஓடுகிற நிலையிலேயே வைத்திருக்கிறார்கள், கோடையில் தாங்கிகளை ஓட்டிக் காட்டுவார்கள். அவன் தாங்கியைப் பார்த்தான். நான் சப்பை மூக்கனைப் பார்த்தேன். கால் அசையவில்லை. பக்கத்தில் நின்ற வயதான தொண்டர், கார்த் தொழிற்சாலையில் வேலை செய்து ஓய்வெடுத்தவர், “இது இந்த ஊரில் செய்தது” என்றார். என் வீட்டிலிருந்து இருபது நிமிட ஓட்டம், மச்சான்! நாங்கள் பனைக்குக் கீழே இருந்து வாயால் ஹோர்ன் அடித்த அந்த வாகனத்தின் பிறந்த ஊர் நான் பிழைக்க வந்த ஊருக்குப் பக்கத்து ஊர்.

அன்றிலிருந்து எனக்கு வேறு யோசனை இல்லை. மனிசியைக் கேள், சொல்லுவாள்.

இரண்டாம் உலகப் போருக்காகக் கனடா எட்டு லட்சத்துக்கு மேற்பட்ட வாகனங்கள் செய்திருக்கிறது. அதில் பாதியளவு, நாலு லட்சத்துக்கு மேல், இந்தச் சப்பை மூக்குச் சாதி. பிரிட்டிஷ் இராணுவம் கேட்ட அளவுக்குச் செய்ததால் இங்கே ஓடுகிற வாகனங்களுக்கு மாறாக ஸ்ரியறிங் வலது பக்கம். செவர்லே ஒஷாவாவில், ஃபோர்ட் வின்சரில். இரண்டு போட்டிக் கொம்பனிகள் ஒரே வரைபடத்தை வைத்துக்கொண்டு ஒரே லொறியைச் செய்தன. எஞ்சின்தான் அவரவருடையது. செவர்லேக்கு ஆறு சிலிண்டர், ஃபோர்ட்டுக்கு வீ எட்டு. மூக்கை ஏன் சப்பையாக்கினார்கள் தெரியுமா? கப்பலில் ஏற்ற இடம் மிச்சம் பிடிக்க வேண்டும், அதே நேரம் பின்பெட்டியும் நீளமாக இருக்க வேண்டும். அதனால் எஞ்சினைச் சாரதிக்கும் கிளீனருக்கும் நடுவில் தள்ளிவிட்டார்கள். கண்ணாடியைக் கீழே சரித்தது வெயில் பட்டு மினுங்கி மேலே பறக்கிற விமானத்துக்குக் காட்டிக் கொடுக்காமல் இருக்க. நாங்கள் முறைக்கிறான் என்று நினைத்தோம், அவன் ஒளித்து நின்றிருக்கிறான்.

என்னுடையது பதினைந்து ஹண்ட்ரட்வெயிற், அதாவது முக்கால் தொன் சுமக்கிற செவர்லே, நாலு சில்லும் இழுக்கிறது. பீற்றர்பரோவுக்கு வடக்கே ஒரு பண்ணையில் கிடந்தது. போர் முடிந்து மிஞ்சிய வாகனங்களை அரசாங்கம் விற்றபோது இப்படி எத்தனையோ பண்ணைகளுக்குப் போயிருக்கிறது. இது பனி தள்ளியிருக்கிறது, மரம் இழுத்திருக்கிறது, கடைசியில் கோழி அடைந்திருக்கிறது. பின்பெட்டியின் தரையைத் துளைத்துக்கொண்டு ஒரு மேப்பிள் மரம் வளர்ந்திருந்தது. அதை வெட்ட எனக்குக் கை வரவில்லை, பண்ணைக்காரரே வெட்டித் தந்தார்.

கறள் என்றால் அப்படி ஒரு கறள். சின்னத் துண்டுகளை அப்பச்சோடா மாதிரி ஒரு சோடாத் தண்ணீரில் தொங்கவிட்டுப் பற்றறி சார்ஜரின் கறுப்பு வயரைக் கொடுப்பேன். சிவப்பு வயர் பக்கத்தில் ஒரு வேண்டாத இரும்புக்கு. இரவு முழுக்க நுரைக்கும், விடிய எடுத்தால் கறள் கறுத்த சேறாக வழிந்து போகும், அடியில் அச்சடித்த எழுத்துகள் தெரியும். அந்த விடியல்களுக்காகவே நான் நேரத்தோடு எழும்பினேன். வாயு கிளம்பும், அதனால் வெளியில்தான் வைக்க வேண்டும்.

ஒரு விஷயத்தை உனக்குச் சொல்லியே ஆக வேண்டும். சில்லுகள் இரண்டு பாதியாகச் செய்து நட்டுப் போட்டு இறுக்கியவை. உள்வட்ட நட்டுகள் சில்லைக் கழற்ற, வெளிவட்ட நட்டுகள் அந்த இரண்டு பாதியையும் பிரிக்க. காற்று இருக்கும்போது வெளிவட்டத்தைத் தளர்த்தினால் பாதிச் சில்லு குண்டு மாதிரிப் பறக்கும். அதற்காக அந்தக் காலத்தில் அவற்றுக்குச் சிவப்புப் பூசி வைப்பார்கள். என்னுடையதில் சிவப்பு எல்லாம் எப்போதோ போய்விட்டது. நான் ஸ்பானரை வெளிவட்டத்தில் கொழுவிவிட்டேன், மச்சான். ரயர் எழுபது வருடம் பழையது, காற்று இருக்காது என்ற நினைப்பு. அந்த வயதான தொண்டர் அன்று தற்செயலாக வந்திருந்தார். ஒன்றும் பேசாமல் என் கையைப் பிடித்து எடுத்தார். வால்வைக் கழற்றினோம். அரை நிமிடம் சீறியது. அன்று இரவு நித்திரை இல்லை. அடுத்த நாள் முதல் வேலையாக எல்லா வெளிநட்டுக்கும் சிவப்புப் பூசினேன். லொறியில் நான் பூசிய முதல் நிறம் அதுதான்.

எஞ்சின் இறுகிப் போயிருந்தது. பிளக்கைக் கழற்றி ஆறு சிலிண்டருக்குள்ளும் மண்ணெண்ணெயும் ஒயிலும் கலந்து விட்டு, மூன்று கிழமைக்கு ஒன்றும் செய்யவில்லை. பிறகு ஒவ்வொரு நாளும் வேலையால் வந்து, உடுப்பு மாற்றாமலே, கைபிடியைப் போட்டு ஒரு அழுத்து. அசையாது. இன்னும் கொஞ்சம் விடு. நாற்பத்தோராவது நாள் ஒரு நூல் அளவு அசைந்தது. மனிசியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவளுக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை, ஆனாலும் கை தட்டினாள்.

இந்த எஞ்சினில் பெயரிங்குக்கு வெள்ளை உலோகத்தை உருக்கி வார்த்திருக்கிறார்கள். பிஸ்டனைக் கொழுவியிருக்கிற கொன்றொட்டின் அடியில் ஒரு சின்னக் கரண்டி. சுற்றும்போது அது தொட்டியில் இருக்கிற ஒயிலை அள்ளிக் குடிக்கும். சதுர அங்குலத்துக்குப் பதினாலு றாத்தல் ஒயில் அழுத்தமே தாராளம். இங்கே உள்ள இளம் மெக்கானிக் ஒருவன் கேஜைப் பார்த்து “இது செத்த எஞ்சின்” என்றான். நான் உன் மாமாவின் கராஜில் படித்தவன். பெற்றோல் இல்லாத அந்தக் காலத்தில் மண்ணெண்ணெயில் ஒஸ்ரின் கேம்பிரிச் ஓட்டியவர்களுக்கு எது செத்த எஞ்சின் என்று தெரியும்.

இன்றைக்கும் அதே வித்தைதான். புதுப் பெற்றோல் பம்ப் இழுக்கவில்லை. ஒரு சின்னப் போத்தலில் பெற்றோல் எடுத்துக் காபரேற்றரின் வாய்க்குள் நாலு சொட்டு விட்டேன். உன் மாமா விடுகிற மாதிரியே, கையைப் பொத்தி. சின்னவன் ஸ்ரார்ட்டரை மிதித்தான். ஆறு வோல்ற் பற்றறி, கிழவன் படி ஏறுகிற மாதிரித்தான் சுற்றும். ஒரு தரம் தும்மியது. நான் போய்ப் பிளக் வயர்களைப் பார்த்தேன். ஒன்று, ஐந்து, மூன்று, ஆறு, இரண்டு, நாலு என்ற வரிசையில் வர வேண்டியதில் ஐந்தையும் மூன்றையும் மாற்றிக் கொழுவியிருந்தேன். மாற்றினேன். இன்னும் நாலு சொட்டு. அப்புறம் ஒரு பெரிய புகை, மச்சான், பக்கத்து வீட்டு வேலி தெரியாத புகை. அதற்குள் இருந்து அந்தச் சத்தம் வந்தது. அவசரமே இல்லாத, தாழ்ந்த, ஒரே சீரான சத்தம். எத்தனை தரம் வாயால் போட்ட சத்தம்! நாங்கள் அதை ஒரு நாளும் உண்மையில் கேட்டதில்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

மாமி வெளியே வந்தா. இதுதான் எனக்குப் பெரிய விஷயம். லொறியை முதன்முதல் கொண்டு வந்து இறக்கிய அன்று குசினி ஜன்னலால் பார்த்துவிட்டு, “ஏன் தம்பி இதை வீட்டு வாசலுக்குக் கொண்டு வந்தீர்?” என்று கேட்டவ. கதவுப் பக்கத்தில் பச்சை கொஞ்சம் தெரிந்தது, அதுதான். அதற்குப் பிறகு நாலு வருடம் கராஜ் பக்கம் வரவேயில்லை. இன்று படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “புகையிலை ஏத்திக்கொண்டு போற லொறிச் சத்தம்” என்றா. உள்ளே போய்த் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்தா.

இனி என் கவலையைச் சொல்கிறேன். பெயின்ற்.

கதவைத் தண்ணீர்த் தாளால் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்துப் பார்த்தேன். மேலே பண்ணைச் சிவப்பு, அதற்குக் கீழே மஞ்சள், அதற்குக் கீழே பச்சை. பச்சையில் வெள்ளை இலக்கங்களின் நிழல் இருக்கிறது. அந்தத் தொண்டருக்கு இதில் சந்தேகமே இல்லை. பிறந்த நிறம் எதுவோ அதைப் பூசு, மற்றதெல்லாம் பொய் என்கிறார். அவர் தகப்பன் இத்தாலியில் இதே மாதிரி ஒன்றை ஓட்டியவராம். அவருக்கு அந்தப் பச்சை வீட்டுக்குத் திரும்பி வந்த நிறம். வட ஆபிரிக்காவிலும் இத்தாலியிலும் பர்மாவிலும் இவை போன வேலை எதற்கு என்று எனக்கும் தெரியும், அதில் எனக்கு மரியாதை உண்டு. அந்தப் பச்சை வேறு, எங்கள் ஒழுங்கைக்குள் வந்த பச்சை வேறு. மூளைக்கு விளங்குகிறது. கண் கேட்க மாட்டேன் என்கிறது. பச்சை பூசி இதை வாசலில் நிறுத்தினால் நீ ஒருகாலமும் என் வீட்டுக்கு வரமாட்டாய் என்று நினைக்கிறேன். மாமியும் திரும்ப உள்ளே போய்விடுவா.

அதற்காகச் சுரண்டி எறிந்துவிடவும் மனமில்லை. கதவின் உள்பக்கம் ஒரு சாண் அளவுக்கு அந்த மூன்று நிறத்தையும், இலக்கத்தின் நிழலையும் அப்படியே விட்டிருக்கிறேன். அதை மூடமாட்டேன். வெளிப்பக்கம் இப்போது வெறும் செம்பூச்சோடு நிற்கிறது. பனி விழமுன் ஏதாவது பூசியாக வேண்டும், இல்லாவிட்டால் நாலு வருட வேலைக்கு மேல் திரும்பக் கறள் ஏறும்.

அதனால் உன்னிடம் கேட்கிறேன். அப்புவின் லொறி என்ன நிறம்? எனக்கு நீலம் என்றுதான் நினைவு, கதவில் மஞ்சள் எழுத்து. அக்காவைக் கேட்டேன், சாம்பல் என்கிறா. நீதான் அதற்குள்ளேயே குடியிருந்தவன். நாங்கள் தொண்ணூற்றைந்தில் ஊரை விட்டு வெளிக்கிட்டபோது அது நின்றது. திரும்பி வந்து பார்த்தபோது அந்த இடத்தில் கல்லு நாலும்தான் கிடந்தது என்று நீ ஒருமுறை எழுதியிருந்தாய். ஆனால் அதன் பெயர்த் தகட்டை ஸ்குறூட்ரைவரால் கழற்றி அப்புவிடம் அடி வாங்கியது நீ. அழுதது நான். அந்தத் தகட்டை பிஸ்கற் ரின்னுக்குள் போட்டு முகட்டில் செருகி வைத்திருந்தாய். வீடு திருத்தியபோது அது கிடைத்ததா?

கிடைத்திருந்தால் படம் எடுத்து அனுப்பு. மொடல் என்று ஒரு வரி இருக்கும். அது சீ எழுத்தில் தொடங்கினால் செவர்லே, ஒஷாவா. எஃப் என்றால் ஃபோர்ட், வின்சர். கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை, நிறத்தையாவது யோசித்துச் சொல்லு. இன்னும் நாலு கிழமை பார்த்திருப்பேன்.

உன் மனிசிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு. கண்ணாடி கண்டால் காசு கேட்பான், கொடுத்துவிடாதே.

உன்
கிளீனர்