கடற்கரைச் சங்கங்களையும் கவனியுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம். 2025-ஐ சர்வதேச கூட்டுறவு ஆண்டாக ஐ.நா. அறிவித்தது. விழாக்கள் சரி, எங்கள் முட்டம் கடற்கரையையும் பார்க்க வேண்டும். முன்பெல்லாம் கடன் கொடுத்தவரே மீனையும் ஏலம் விடுவார். அவர் வைத்ததுதான் விலை. மீனவர் சங்கம் வந்த பிறகு சங்கத்து ஆளே ஏலம் கூறுகிறார். விற்ற பணத்தில் கடனுக்கு ஒரு பங்கு, சேமிப்புக்கு ஒரு பங்கு பிடித்துக்கொள்கிறார்கள். மீன்பாடு இல்லாத நாளில் தவணை கேட்டு யாரும் வாசலில் வந்து நிற்பதில்லை. அப்பா வள்ளம் வாங்கியது இப்படித்தான்! திருவனந்தபுரத்தில் இருக்கும் தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு 1980 முதல் இந்தச் சங்கங்களுக்குத் துணை நிற்கிறது. ஆனால் கணக்கு எழுதத் தெரிந்த இளைஞர்கள்தான் இப்போது தேவை. கூட்டுறவுப் பயிற்சியை நாகர்கோவிலோடு நிறுத்தாமல் கடற்கரை ஊர்களிலும் நடத்துங்கள், பெண்களையும் சேருங்கள்.

– மீனவர் மகள், முட்டம்