பழைய லாரிக்கு பிரேக் சாமான் வாங்கும் முன்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

வணக்கம்.

"அண்ணே, பழைய வண்டி, பின் சக்கரத்துக்கு நல்ல லைனிங் ஒரு செட் எடுத்து வைங்க" என்று போன் வரும். லைனிங் என்றால், சக்கர டிரம்மின் உட்புறத்தில் உரசி வண்டியை நிறுத்துகிற பட்டை. நாங்கள் உடனே பத்து கேள்வி கேட்போம். மாடல் சொன்னேனே, வருஷம் சொன்னேனே, இன்னும் என்ன வேண்டும் என்ற எரிச்சல் சிலருடைய குரலிலேயே தெரிந்துவிடுகிறது. அந்தக் கேள்விகளை எதற்குக் கேட்கிறோம் என்று மொத்தமாக எழுதிவிடலாம் என்றுதான் இந்த மடல்.

புது வண்டிக்கு மாடலும் வருஷமும் போதும். இருபது வருஷம் ஓடிய வண்டி அப்படியில்லை. மூன்று நான்கு பேர் கை மாறியிருக்கும், நடுவில் யாரோ ஒருவர் வேறு வண்டியின் ஆக்சிலைத் தூக்கிப் போட்டிருப்பார், காற்றின் பலத்தில் பிரேக்கைத் தள்ளுகிற சேம்பரை, அவசரத்துக்குக் கிடைத்ததை, இன்னொருவர் மாட்டியிருப்பார், டிரம் இரண்டு தடவை கடைசலுக்குப் போய் வந்திருக்கும், இதில் எதுவும் எந்தத் தாளிலும் இருக்காது. ஆக, பதிவுப் புத்தகத்தில் இருப்பது ஒரு வண்டி, ரோட்டில் ஓடுவது இன்னொரு வண்டி. சாமான் வேண்டியது ரோட்டில் ஓடுகிற வண்டிக்கு.

இதில் நாங்களே ஒரு தடவை தவறியிருக்கிறோம். ஒரு வாடிக்கையாளர் ஒரு பக்கச் சேம்பர் மட்டும் கேட்டார். கேட்லாகைப் பார்த்து 30ஆம் டைப் கொடுத்து அனுப்பினோம். மறுநாளே, பிரேக் அடித்தால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கிறது என்று திரும்பி வந்தார். அவர் வண்டியில் மறுபக்கம் இருந்தது 24. இந்த எண் வெறும் பெயர் இல்லை, உள்ளே இருக்கும் டயாஃப்ரம் வேலை செய்யும் பரப்பு, சதுர அங்குலத்தில். 100 பி.எஸ்.ஐ., அதாவது சதுர அங்குலத்துக்கு 100 பவுண்டு அழுத்தத்தில் காற்று வந்தால் 24 தள்ளுவது 2,400 பவுண்டு, 30 தள்ளுவது 3,000. ஒரே ஆக்சிலில் இந்தக் கையும் அந்தக் கையும் வேறு வேறு பலத்தில் இழுத்தால் ஸ்டியரிங் என்ன செய்யும்? அன்றிலிருந்து, மறுபக்கம் என்ன இருக்கிறது என்று பார்த்துச் சொல்லாமல் சேம்பர் தருவதில்லை. எண் ஒன்றாக இருந்தாலும், சேம்பரின் தண்டு வெளியே நீளும் தூரத்தை (ஸ்ட்ரோக்) வைத்து சாதா ஸ்ட்ரோக், நீள ஸ்ட்ரோக் என்று இரண்டு உண்டு, இரண்டையும் ஒரே ஆக்சிலில் கலக்கக் கூடாது. 30ஆம் டைப்பில் நீள ஸ்ட்ரோக் என்றால் காற்றுக் குழாய் மாட்டும் இடத்தைச் சுற்றியுள்ள மேடு வட்டமாக இல்லாமல் சதுரமாக இருக்கும். அந்தத் தண்டை கேம் ஷாஃப்டோடு இணைக்கும் ஸ்லாக் அட்ஜஸ்டர் கையின் நீளமும் இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். ஐந்தரை அங்குலத்துக்கும் ஆறு அங்குலத்துக்கும் பார்வையில் பெரிய வித்தியாசம் தெரியாது, பிரேக்கில் தெரியும்.

சரி, லைனிங்குக்கு வருவோம். அதிகம் கேட்கப்படுவதும் அதிகம் ஏமாறுவதும் இதில்தான்.

லைனிங்கின் ஓரத்தில் எண்களோடு இரண்டு ஆங்கில எழுத்து அச்சிட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். எஃப்-எஃப், ஜி-ஜி, இ-எஃப் என்று இருக்கும். முதல் எழுத்து சாதாரணச் சூட்டில் உராய்வு எவ்வளவு என்பதற்கு, இரண்டாவது நன்றாகச் சூடேறிய பிறகு எவ்வளவு என்பதற்கு. இ என்றால் 0.25இலிருந்து 0.35 வரை, எஃப் என்றால் 0.45 வரை, ஜி என்றால் 0.55 வரை. இதைத் தெரிந்துகொண்ட சிலர் "ஜி-ஜிதான் வேண்டும், அதுதான் நன்றாகப் பிடிக்கும்" என்று அடம் பிடிக்கிறார்கள். அந்த எழுத்து தரத்தைச் சொல்வதில்லை ஐயா. ஓர் அங்குலச் சதுரத் துண்டை ஒரு சின்ன இயந்திரத்தில் தேய்த்துப் பார்த்து வருகிற எழுத்து அது. எத்தனை நாள் உழைக்கும், டிரம்மை எப்படித் தின்னும், முழு லோடில் இறக்கத்தில் என்ன செய்யும் என்று அது சொல்லாது. எஃப்-எஃப் போட்ட இரண்டு கம்பெனி லைனிங் இரண்டு மாதிரி நடந்துகொள்வது சர்வ சாதாரணம். வண்டி என்ன எழுத்தோடு வந்ததோ அதிலேயே இருங்கள், முக்கியமாக ஆக்சிலின் இரண்டு பக்கமும் ஒரே கம்பெனி, ஒரே எழுத்துக் குறியீடு. ஒரு பக்கம்தான் தேய்ந்திருக்கிறது என்று அந்தப் பக்கத்துக்கு மட்டும் கேட்டால் நாங்கள் மறுத்துவிடுவோம், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

உண்மையில் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால், ஏன் என்று அல்லவா முதலில் பார்க்க வேண்டும்? ஷூவை விரிக்கும் கேம் ஷாஃப்டின் புஷ் போயிருக்கலாம், ரோலர் சிக்கியிருக்கலாம், ரிட்டர்ன் ஸ்பிரிங் தளர்ந்து, லைனிங் அடித்திருக்கும் ஷூ திரும்பாமல் டிரம்மைத் தொட்டுக்கொண்டே இருக்கலாம். ஹப் ஆயில் சீல் கசிந்து லைனிங் எண்ணெய் குடித்திருந்தால், அதைப் பெட்ரோலில் கழுவி மறுபடி போடுகிற வேலை வேண்டாம். உள்ளே இறங்கிய எண்ணெய் சூடேறும்போது மறுபடி மேலே வரும். சீலை மாற்றிவிட்டு லைனிங்கையும் மாற்ற வேண்டும். லைனிங்குக்குக் கொடுக்கிற பணத்தில் ஸ்பிரிங்கும் ரோலரும் ஒரு சின்னப் பங்குதான். அதில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

பழைய ஷூவில் புது லைனிங் அடிப்பது தவறு இல்லை, ஷூ யோக்கியமாக இருந்தால். பல தடவை சூடேறி ஆறிய ஷூவின் வளைவு கொஞ்சம் விரிந்துபோயிருக்கும், அப்போது லைனிங் முழுவதும் டிரம்மில் உட்காராது. இன்னொன்று துரு. ஷூவுக்கும் லைனிங்குக்கும் நடுவில் ஏறுகிற துரு மெல்ல மெல்லப் பருத்து, ரிவெட்டுக்கு ரிவெட்டு இடையில் லைனிங்கை மேலே தூக்கி விரிசல் விட வைக்கும். துருவைச் சுத்தமாக எடுத்துப் பெயின்ட் பூசாத ஷூவில் எவ்வளவு நல்ல லைனிங் அடித்தாலும் வீண்.

டிரம். 16.5 அங்குல டிரம் பலவற்றில் புது அளவுக்கு மேல் 3 மி.மீ. வரைதான் தேய விடலாம். அந்தக் கடைசி அளவு டிரம்மிலேயே வார்த்திருக்கும், துருவைச் சுரண்டினால் தெரியும். கடைசலில் 2 மி.மீ.க்கு மேல் எடுத்துவிட்டால் ஓடித் தேயப் போதுமான மிச்சம் இருக்காது. மேலே மெல்லிய வெடிப்புகள் வலை மாதிரி இருப்பது சூட்டால் வருவது, அதற்காகப் பதற வேண்டாம். ஒரு வெடிப்பு டிரம்மை ஊடுருவிப் போயிருந்தால் அது பழைய இரும்புக் கடைக்கு.

தானியங்கி ஸ்லாக் அட்ஜஸ்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஸ்ட்ரோக் நீளமாகிவிட்டது என்று அதை அடிக்கடி ஸ்பேனரால் திருகி டைட் வைக்கிறீர்கள். அது தானாகச் சரி செய்துகொள்ள வேண்டிய சாமான். செய்யவில்லை என்றால் அது கெட்டுப்போயிருக்கிறது, அல்லது புஷ்ஷோ பின்னோ தேய்ந்து ஆடுகிறது. திருகத் திருக உள்ளே இருக்கும் பல்லும் போகும், கோளாறும் மறைந்து நிற்கும்.

ஆயில் பிரேக் உள்ள சின்ன லாரிகளுக்கு ரப்பர் கிட் வாங்கும்போது தயாரித்த தேதியைப் பாருங்கள். அலமாரியில் பல வருஷம் கிடந்த ரப்பர் புதுசு ஆகாது, நாங்களே எடுத்துக் கொடுத்தாலும் தேதி கேளுங்கள். டாட்-3, டாட்-4 பிரேக் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். புது டாட்-4 குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்கும், ஈரம் ஏறிவிட்டால் அந்த அளவு 155 வரை இறங்கிவிடலாம். திறந்து வைத்த பாட்டிலை ஆறு மாதம் கழித்து ஊற்றாதீர்கள். எஞ்சின் ஆயில் ஒரு சொட்டுகூட அதில் சேரக் கூடாது, ரப்பர் ஊதிப்போகும்.

டூப்ளிகேட் பற்றி நிறையப் பேர் கேட்கிறீர்கள். அட்டைப்பெட்டியைப் பார்த்துக் கண்டுபிடிக்கும் காலம் போய்விட்டது, பெட்டியை அச்சு அசலாக அடிக்கிறார்கள். சாமானைப் பாருங்கள். ஓர எழுத்தும் பேட்ச் எண்ணும் லைனிங்கிலேயே இருக்க வேண்டும், ஒரே செட்டில் நிறம் மாறக் கூடாது, ரிவெட் துளையின் ஆழம் ஒன்றுபோல இருக்க வேண்டும். ஐரோப்பிய விதி 90இன் குறி, அதாவது வட்டத்துக்குள் இ எழுத்தும் ஓர் எண்ணும், இருந்தால் அந்த வகை லைனிங் அசலோடு ஒப்பிட்டுச் சோதிக்கப்பட்டது என்று அர்த்தம்.

அப்புறம் இரண்டு எச்சரிக்கை. பழைய வண்டியின் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்பு உண்டு, டிரம்மைக் கழற்றியதும் காற்று அடித்துத் தூசி பறக்க விடாதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள். ஸ்பிரிங் சேம்பரின் பின்பக்கத்தை யாரும் திறக்க வேண்டாம். உள்ளே அமுங்கி நிற்கும் ஸ்பிரிங் ஆளைக் கொல்லும். ஸ்பிரிங்கை அமுக்கிப் பூட்டும் போல்ட்டைப் போட்டு முழுதாகக் கழற்றி, முழுதாக மாற்றுங்கள்.

அடுத்த தடவை போன் செய்வதற்கு முன் டிரம்மின் உள் விட்டம், லைனிங்கின் அகலம், ரிவெட் துளை எத்தனை, இரண்டு பக்கச் சேம்பரின் எண், ஸ்லாக் கையின் நீளம், இவற்றை ஒரு துண்டுத் தாளில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அளக்க முடியவில்லையா, கழற்றிய பழைய ஷூவை அழுக்கோடு அப்படியே கொண்டுவந்து மேஜை மேல் போடுங்கள், மேஜையை நாங்கள் துடைத்துக்கொள்கிறோம்.