‘பார்த்தேன்’ என்று ஒரு வரி போடுங்கள்

இன்டர்ன்களைச் சேர்த்துக்கொள்ளும் திறமூல மென்பொருள் திட்டங்களின் பராமரிப்பாளர்களுக்கு,

வணக்கம். ஒரு திறமூலத் திட்டத்தில் (நிரலை எவரும் படித்து, மாற்றம் அனுப்பக்கூடிய மென்பொருள்) 12 வார இன்டர்ன்ஷிப்பை அண்மையில் முடித்தவள் நான். எந்தத் திட்டம் என்பது இங்கே முக்கியமில்லை. இன்டர்ன்களுக்கு நீங்கள் பதில் சொல்லும் விதம் பற்றிச் சில விஷயங்கள் கேட்க வேண்டும், உங்களில் பலருக்கும் பொருந்தும் என்று நினைப்பதால் எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

முதல் வாரத்திலேயே ஒரு தப்பு செய்யப் பார்த்தேன். எங்களுடையது சிஎஸ்வி கோப்புகளை (அட்டவணைத் தரவைக் காற்புள்ளியால் பிரித்து வைப்பவை) படிக்கும் லைப்ரரி, அதாவது மற்ற நிரல்கள் எடுத்துப் பயன்படுத்தும் நிரல் தொகுப்பு. கோப்பின் முதல் 3 பைட்டுகள் குறிப்பிட்ட மதிப்பில் இருந்தால் அவற்றைத் தள்ளிவிடும் நான்கு வரி நிரல் அதில் இருந்தது. எதற்கென்று புரியவில்லை. நீக்கிப் பார்த்தேன், எல்லா டெஸ்டும் பாஸ் ஆனது. சரி, வேண்டாத வரிகள்தான் என்று முடிவுகட்டி, அவற்றை நீக்கும் பேட்ச் (நிரல் திருத்தம்) தயார் செய்துவிட்டேன். அனுப்புவதற்கு முன், ஒவ்வொரு வரியும் எந்த மாற்றத்தில் வந்தது என்று காட்டும் கிட் பிளேம் கட்டளையை ஓட்டிப் பார்த்தபோது, பல வருடங்களுக்கு முந்தைய கமிட் (பதிவு செய்த மாற்றம்) ஒன்று வந்தது. அதன் குறிப்பில் மூன்றே வாக்கியங்கள். அப்போதைய விண்டோஸ் நோட்பேடில் யுடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்கத்தில் சேமித்த கோப்புகளின் தொடக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறி ஒட்டிக்கொண்டு வருகிறது. அதை எடுக்காவிட்டால் முதல் நெடுவரிசையின் பெயரோடு சேர்ந்துவிடும். அப்புறம் அந்தப் பெயரில் தேடினால் ஒன்றும் கிடைக்காது.

அதை எழுதியவர் திட்டத்தை விட்டுப் போய் வெகுகாலம் ஆகிறது. ஆனாலும் நான் கேட்காத கேள்விக்குப் பதில் வைத்துவிட்டுப் போயிருந்தார். நீக்கும் பேட்சைத் தூக்கிப்போட்டுவிட்டு, அந்த நான்கு வரிகளைக் காக்கும் டெஸ்ட் ஒன்றை எழுதி அனுப்பினேன். மெர்ஜ் ஆன (திட்டத்தில் சேர்க்கப்பட்ட) என் முதல் வேலை அதுதான். நிரல் என்ன செய்கிறது என்பதை நிரலிலேயே படித்துக்கொள்ளலாம். ஏன் செய்கிறது என்பதை யாராவது எழுதி வைத்தால்தான் உண்டு.

ஐந்தாம் வாரத்தில் நேர்ந்தது வேறு. 1,400 வரிகள் கொண்ட புல் ரிக்வெஸ்ட் (என் மாற்றத்தைச் சேர்த்துக்கொள்ளக் கேட்கும் கோரிக்கை) ஒன்றை அனுப்பினேன். 11 நாள் பதிலே இல்லை. வேலை மோசம், அதைச் சொல்லச் சங்கடப்படுகிறார்கள் என்று நானே நினைத்துக்கொண்டு, நன்றாக இருந்த பகுதிகளையும் பிரித்துப்போட்டுத் திருப்பி எழுதினேன். 12 வாரத்தில் 11 நாள் என்பது கிட்டத்தட்ட எட்டில் ஒரு பங்கு. கடைசியில் மென்டாரிடமிருந்து பதில் வந்தது. அவர் வீட்டில் ஒருவருக்கு உடல்நிலை சரியில்லை. அதோடு, அவ்வளவு நீளமான மாற்றத்தை எங்கிருந்து படிக்கத் தொடங்குவது என்றும் தெரியவில்லையாம். நியாயம்தான். ஆறு துண்டாகப் பிரித்து அனுப்பினேன், ஒவ்வொன்றும் ஓரிரு நாளில் ரிவ்யூ ஆகிவிட்டது.

அந்த 11 நாள் மௌனம் அவர் பக்கத்தில் வீட்டுச் சிரமம், என் பக்கத்தில் நிராகரிப்பு. ‘பார்த்தேன், அடுத்த வாரம் படிக்கிறேன்’ என்ற ஒரு வரி போதுமாயிருந்தது.

வேகமாக ரிவ்யூ செய்யுங்கள் என்று நான் கேட்கவில்லை. எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்க மென்பொருளில் 2024 மார்ச்சில் வெளிப்பட்ட விவகாரம் உங்களுக்குத் தெரியும். கிட்டத்தட்ட ஒற்றை ஆளாக அந்த மென்பொருளைப் பார்த்துக்கொண்டு களைத்துப்போயிருந்தவரை, பேட்ச்கள் தாமதமாகின்றன என்று சில கணக்குகளிலிருந்து நச்சரித்தார்கள். உதவ வந்தவர்போல் இரண்டு வருடத்துக்கும் மேலாக நம்பிக்கை சம்பாதித்த இன்னொருவர், 5.6.0 பதிப்பில் பின்கதவு (ரகசியமாக உள்ளே நுழைய ஒரு வழி) வைத்தார். எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையும் வழி) உள்நுழைவு அரை விநாடி போலத் தாமதமாவதை மென்பொருள் பொறியாளர் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் கவனித்துத் துருவியதால்தான் பிடிபட்டது. இதைப் படித்த பிறகு உங்களை அவசரப்படுத்த எனக்கு மனம் வரவில்லை. பெரும்பாலோர் சம்பளமில்லாமல், தூக்கத்தைக் குறைத்துக்கொண்டு இதைச் செய்கிறீர்கள்.

நான் கேட்பது சின்ன விஷயங்கள். படிக்க நேரமில்லாவிட்டாலும் ஒரு வரி போடுங்கள். எவ்வளவு பெரிய மாற்றத்தை ஒரே தடவையில் படிக்க முடியும் என்பதைப் பங்களிப்பு வழிகாட்டியில் முதலிலேயே எழுதிவிடுங்கள். எனக்கு அது முதல் நாளே தெரிந்திருந்தால் ஐந்தாம் வாரம் வேறு மாதிரி போயிருக்கும். இன்டர்ன் தனியாக மெசேஜில் கேட்கும் கேள்விக்கு, தனிப்பட்ட விஷயமில்லை என்றால், பொதுவில் பதில் சொல்லுங்கள். எனக்குத் தனியாக வந்த நல்ல விளக்கங்களில் பாதி, அடுத்து வரும் இன்டர்னுக்குக் கிடைக்கப்போவதில்லை. அப்புறம், எட்டாம் வாரத்தில் ஒருமுறை இன்டர்னோடு உட்கார்ந்து, அவர் வேலையில் நேரத்துக்குள் முடியாத பகுதியை வெட்டிவிடுங்கள். என்னுடைய கடைசி இரண்டு புல் ரிக்வெஸ்ட்கள் இன்னும் திறந்தே கிடக்கின்றன. முடித்துத்தர ஆசைதான், ஆனால் இப்போதும் அவை வேண்டுமா என்று யாரும் சொல்லவில்லை.

என் பங்குக்கு ஒன்று செய்கிறேன். சனிக்கிழமை மாலைகளில் நான் வேலை செய்த திட்டத்தில் புதிதாக வரும் பேட்ச்களைப் பார்த்து, டெஸ்ட் ஓடுகிறதா என்று சோதித்து, அனுப்பியவருக்கு முதல் பதில் எழுதுகிறேன். மெர்ஜ் செய்யும் உரிமை எனக்கு வேண்டாம். எந்த வகைப் பேட்ச்களை நான் பார்க்கலாம் என்று மட்டும் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் முன்னாள் இன்டர்ன்களில் ஒருத்தி