4294967295

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கு அனைவரும் நலம். உன் நலமறிய ஆவல்.

போனில் பேசும்போது, உன் புரோகிராமில் எண்ணிக்கொண்டிருந்த கவுன்ட்டர் 4294967295 வரை ஓடிச் சட்டென்று பூஜ்யத்துக்குத் திரும்பிவிட்டது என்றாய். "32 பிட்ல அதுக்கு மேல இடம் இல்லப்பா, அவ்வளவுதான்" என்று வேறு பேச்சுக்கும் போய்விட்டாய். எனக்கு அந்த எண்ணை அப்படியே விட மனம் வரவில்லை.

பைனரியில் அது வரிசையாக 32 ஒன்றுகள். அதாவது 2³² − 1. இரண்டு வர்க்கங்களின் வித்தியாசத்தைப் பிரிக்கும் முற்றொருமையைப் பள்ளியில் போட்டிருக்கிறாயே, அதை இதன்மேல் வைத்துப் பார். 65535 × 65537 என்று உடையும். 65535-ம் ஒரு வர்க்கத்துக்கு ஒன்று குறைவுதான்: 255 × 257. 255 என்பது 15 × 17. 15 என்பது 3 × 5. ஆகமொத்தம் 3 × 5 × 17 × 257 × 65537. ஐந்துமே பகா எண்கள்! 65537-ஐ நீ ஆர்எஸ்ஏ என்ற குறியாக்க முறையின் சாவிகளில் தினமும் பார்க்கிறாய்.

2-இல் தொடங்கி வர்க்கம்மேல் வர்க்கமாகப் போகும் 2, 4, 16, 256, 65536 ஒவ்வொன்றோடும் ஒன்று கூட்டினால் இவை வரும். இந்த வகைப் பகா எண்களை, பதினேழாம் நூற்றாண்டுக் கணிதர் ஃபெர்மாவின் பெயரால் ஃபெர்மா பகா எண்கள் என்பார்கள். இன்றுவரை கிடைத்தவை இந்த ஐந்து மட்டும்தான். ஐந்தும் உன் கவுன்ட்டரின் கடைசி எண்ணுக்குள் உட்கார்ந்திருக்கின்றன.

1796-இல், 19 வயதுகூட நிரம்பாத ஜெர்மன் கணிதர் காஸ், 17 பக்க ஒழுங்குப் பலகோணத்தைக் கவராயமும் கோடு போடும் சட்டமும் மட்டும் வைத்து வரைய முடியும் என்று கண்டுபிடித்தார். இரண்டாயிரம் ஆண்டுகளாக யாருக்கும் தோன்றாதது. பக்கங்கள் ஒற்றைப்படையாக இருந்தால், அந்த எண்ணிக்கை ஒரு ஃபெர்மா பகா எண்ணாகவோ, வெவ்வேறு ஃபெர்மா பகா எண்களின் பெருக்கலாகவோ இருந்தால்தான் வரையலாம். வேறு எதையும் வரைய முடியாது என்ற பாதியை 1837-இல் பிரெஞ்சுக் கணிதர் வான்ட்செல் நிறுவினார். ஆகவே, வரையலாம் என்று நமக்குத் தெரிந்த ஒற்றைப்படைப் பலகோணங்களில் மிகப் பெரியதற்கு 4294967295 பக்கங்கள். யாரும் வரையப் போவதில்லை, கண்ணுக்கு அது வட்டம்தான். ஆனாலும் முடியும் என்பது உறுதி. எனக்கு அது போதும்.

இதைவிட இரண்டு கூடுதலான 4294967297-ம் பகா எண்தான் என்று ஃபெர்மா நம்பினார். அதுவும் பகா எண்ணாக இருந்திருந்தால் இந்தச் சங்கிலி இன்னொரு படி ஏறியிருக்கும். 1732-இல் கணிதர் ஆய்லர் அதை 641 × 6700417 என்று உடைத்துவிட்டார். கண்ணை மூடிக்கொண்டு எல்லா எண்ணாலும் வகுத்துப் பார்க்கத் தேவையில்லை. இதற்குப் பகாக் காரணி இருந்தால், அதை 64-ஆல் வகுக்கும்போது மீதி 1 வந்தே தீரும் என்று பின்னால் அவரே நிறுவினார். அப்படிப்பட்ட பகா எண்கள் 193, 257, 449, 577, 641 என்று போகும். ஐந்தாவதிலேயே அகப்பட்டுவிடுகிறது. எத்தனை முறை சொல்லிக்கொடுத்தாலும் இந்த இடத்தில் எனக்கு உற்சாகம் வந்துவிடும்.

641-ஆல் அது வகுபடும் என்பதைப் பெரிய எண்ணைத் தொடாமலே காட்டலாம். கம்ப்யூட்டரில் போடாதே. 641 = 5 × 2⁷ + 1; அதுவே 5⁴ + 2⁴-ம் கூட. முதலாவதிலிருந்து, 5 × 2⁷-ஐ 641-ஆல் வகுத்தால் மீதி −1 என்று வைத்துக்கொள். அதை நான்காம் அடுக்குக்கு உயர்த்து. 5⁴ வரும் இடத்தில் −2⁴-ஐப் போடு. மிச்சத்தை நீயே எழுதி எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பு.

அன்புடன்,
அப்பா