திருப்பத்தூர்–கிருஷ்ணகிரி பழைய ரயில் பாதை நிலத்தை அளந்து வரைபடமாக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
திருப்பத்தூர், கந்திலி வட்டாரப் பொதுமக்கள்

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
திருப்பத்தூர் மாவட்டம்.

பொருள்: பழைய குறுகிய ரயில் பாதை நிலத்தைப் பதிவேடுகளில் கண்டறிந்து அளவிடுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். 1905இல் திறக்கப்பட்ட திருப்பத்தூர்–கிருஷ்ணகிரி ரயில் பாதை, தண்டவாளங்களுக்கு இடையே இரண்டரை அடி அகலமும் சுமார் 40 கி.மீ. நீளமும் கொண்டது. இரண்டாம் உலகப் போர் முடியும் முன்பே மூடப்பட்டுத் தண்டவாளமும் பெயர்க்கப்பட்டது. கிருஷ்ணகிரி 2004இல் மாவட்டத் தலைநகரான பிறகும் அந்நகருக்கு ரயில் இல்லை.

மீண்டும் பாதை போட்டால் பயன் உண்டா என்று கேட்டால், அன்றே கட்டுப்படியாகாத பாதைதானே என்று சொல்லிவிடுகிறார்கள். அது பஞ்ச நிவாரணத்துக்காகப் போட்ட பாதை. திருப்பத்தூர் வழியே செல்லும் அகலப்பாதையோடு (இன்றைய வழக்கமான பெரிய ரயில் பாதை) தண்டவாள அகலம் பொருந்தாததால் ஒவ்வொரு மூட்டையையும் இறக்கி மறுபடி ஏற்ற வேண்டியிருந்தது. லாரி வந்த பிறகு அந்த இரட்டைக் கூலியை எந்த வியாபாரி கொடுப்பார்? அகலப்பாதையில் அந்தச் செலவே கிடையாது. ஆகவே பழைய கணக்கை விட்டு, கிருஷ்ணகிரிப் பக்கத்து கிரானைட்டையும் மாங்கூழையும் சேர்த்துப் புதிதாகக் கணக்கெடுப்பதே முறை. பயணிகளை மட்டும் எண்ணினால் எந்தக் கிராமப் பாதையும் தேறாது.

பழைய தடத்தை அப்படியே பயன்படுத்த முடியாது என்பதையும் சொல்லியாக வேண்டும். குறுகிய பாதையில் 44 மீட்டர் ஆரம் வரை வளைவு அனுமதி உண்டு. அகலப்பாதைக்கு 175 மீட்டராவது வேண்டும், அதிலும் வேகத்தைக் குறைத்தே ஓட்ட வேண்டியிருக்கும். பழைய மண்கரையின் மேற்பரப்பு அகலம் நான்கு மீட்டருக்கும் குறைவு. இன்றைய ஒற்றை அகலப்பாதைக்கு 7.85 மீட்டர் தேவை. பக்கத்தில் மண் கொட்டி அகலப்படுத்தினால் போதாது. பழைய சரிவைப் படிப்படியாக வெட்டி, புது மண்ணை அடுக்கடுக்காக இறுக்காவிட்டால் முதல் மழையிலேயே புதுப்பகுதி தனியாகச் சரியும். சிறுபாலங்களையும் மாற்றியே ஆக வேண்டும். நேராகச் செல்லும் தடத்தில்தான் பழைய நிலம் உதவும். அது எவ்வளவு தூரம் என்பதைப் பொறுத்தே கையகப்படுத்தும் செலவு அமையும்.

காட்பாடி–விழுப்புரம் 161 கி.மீ. மீட்டர்கேஜ் பாதை அகலமாக்கப்பட்டு 2010இல் மீண்டும் முழுமையாக ஓடத் தொடங்கியது. அங்கே நிலம் ரயில்வே கையிலேயே இருந்தது. இங்கே நிலைமை வேறு; எந்த நிலம் யார் பெயரில் இருக்கிறது என்பதையே பழைய பதிவேடுகளில் தேட வேண்டும்.

பாதை போட்டபோது திருப்பத்தூர் சேலம் மாவட்டத்தில் இருந்தது. 1911இல் வட ஆர்க்காட்டுக்கு வந்து, பிறகு வேலூர் மாவட்டத்தில் இருந்து, 2019இல் தனி மாவட்டமானது. எதிர்முனையான கிருஷ்ணகிரி சேலத்திலிருந்து தருமபுரிக்குப் போய்ப் பின்னர் தனியானது. ஆகவே நில எடுப்பு ஆவணங்களைச் சேலத்தில் தொடங்கி வேலூர், தருமபுரி ஆவண அறைகள் வரை தேட வேண்டும். யுடிஆர் (நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்த திட்டம்) காலத்தில் மாறிய புல எண்களைப் பழைய எண்களோடு ஒப்பிடாமல் இந்த வேலை நடக்காது. புலப்படத்தில் (ஒவ்வொரு புல எண்ணுக்குமான நில அளவை வரைபடம்) அடையாளம் சுலபம்: வயலின் குறுக்கே இரண்டு இணைகோடுகள், நடுவே ஒடுங்கிய தனி உட்பிரிவு, அது அடுத்த புலத்திலும் அதே அகலத்தில் தொடரும். கோடு எங்கே அறுகிறதோ அங்கே பட்டா மாறியிருக்கும்.

எனவே கிராமவாரியாக அ-பதிவேட்டையும் (நிலங்களின் வகையும் உரிமையும் குறித்த கிராமப் பதிவேடு) புலப்படத்தையும் சரிபார்த்து, ரயில்வே புறம்போக்காக எஞ்சியிருப்பதை டிஜிபிஎஸ் என்ற செயற்கைக்கோள் அளவைக் கருவியால் அளந்து எல்லைக்கல் நடவும், அந்த உட்பிரிவுகளில் புதிதாகப் பட்டா வழங்குவதை அதுவரை நிறுத்திவைக்கவும் வேண்டுகிறோம். ஏற்கெனவே பட்டா பெற்றுப் பயிர் செய்வோரை அகற்றக் கேட்கவில்லை. அவர்கள் நிலத்தை வரைபடத்தில் வேறு நிறத்தில் காட்டினால் போதும். மாவட்ட எல்லைக்கு அப்பால் உள்ள பகுதிக்குக் கிருஷ்ணகிரி ஆட்சியருக்கு எழுதி, இரண்டையும் இணைத்த வரைபடத்தைத் தெற்கு ரயில்வேக்கு அனுப்பிவைக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
திருப்பத்தூர், கந்திலி வட்டாரப் பொதுமக்கள்

இணைப்பு: கையெழுத்துப் படிவங்கள்