பீட்ரூட் சாறு நாக்கைத்தான் சிவக்க வைக்கும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் தங்கள் இதழின் செல்லப் பிராணிகள் பக்கத்தில், நாயின் நாக்கு நிறத்தைப் பார்த்து நோயைக் கண்டுபிடிப்பது பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. நல்ல விஷயமாயிற்றே என்று ஆவலோடுதான் படித்தேன். அதில் ஒரு வரி: நாக்கு வெளிறியிருந்தால் அது சத்துக்குறைவு, பீட்ரூட் சாறும் பேரீச்சம்பழமும் கொடுத்துவந்தால் ஒரே வாரத்தில் சிவந்துவிடும். இந்த வரியை எழுதியவர் யார், எந்த மருத்துவரைக் கேட்டு எழுதினார் என்று கட்டுரையில் எங்கும் இல்லை.

எங்கள் பக்கத்து வீட்டுத் தம்பி மில்லில் இரவு ஷிப்ட் பார்ப்பவர். அவர் வீட்டு நாய் சில நாட்களாகச் சோற்றை முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டிருந்தது. மனசு கேட்காமல் போய் விசாரித்தேன். "பத்திரிகையிலேயே போட்டிருக்காங்கக்கா. பீட்ரூட் சாறு ஊத்துறோம், நாக்கு நல்லா சிவந்திருச்சு பாருங்க" என்றார். நாக்கு சிவந்துதான் இருந்தது. அது சாற்றின் சாயம். மேலுதட்டைத் தூக்கி, கோரைப்பல்லுக்கு மேலே ஈறைக் கட்டைவிரலால் அழுத்திவிட்டு எடுத்தேன். நல்ல நாய்க்கு, அழுத்திய இடம் வெளுத்து, 2 விநாடிக்குள் பழையபடி சிவந்துவிடும். இதற்கோ அழுத்திய இடம் எது, அழுத்தாத இடம் எது என்றே தெரியவில்லை. கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் உட்புறம் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி இருந்தது. காதுமடலுக்குள்ளும் கால்விரல் இடுக்கிலும் உண்ணிகள் மிளகு மிளகாய் அப்பியிருந்தன.

அன்று சாயங்காலமே மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு உண்ணிக் காய்ச்சல் என்றார் டாக்டர். இன்னும் இரண்டு நாள் தாமதித்திருந்தால் பிழைப்பது கஷ்டம் என்றும் சொன்னார். இப்போது மருந்தில் இருக்கிறது. அந்தத் தம்பி மேல் எனக்குக் கோபம் இல்லை. அச்சில் வந்ததை நம்பினார், அவ்வளவுதான். அந்த நம்பிக்கைக்கு நீங்கள் என்ன மரியாதை கொடுத்தீர்கள் என்றுதான் கேட்கிறேன்.

எனக்கு எப்படித் தெரியும் என்று நினைப்பீர்கள். அஞ்சல் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான், கால்நடை மருத்துவம் படித்தவளில்லை. ஆனால் எங்கள் வீட்டில் நாய் இல்லாத காலம் கிடையாது. சில வருடங்களுக்கு முன் எங்கள் சிப்பிப்பாறை நாய்க்கு இதே நிலைமை வந்தது. முதலில் கொண்டுபோன தனியார் கிளினிக்கில், "வெயிலுக்கு அப்படித்தான் சோர்ந்திருக்கும்" என்று சொல்லி ஈரல் டானிக் எழுதிக் கொடுத்தார்கள். ரத்தப் பரிசோதனை என்ற பேச்சே இல்லை. வாயைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. பிறகு அரசு மருத்துவமனையில்தான், ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தடவி, நுண்ணோக்கியில் வைத்து, எர்லிக்கியா என்றார்கள். பழுப்பு உண்ணி கடிக்கும்போது உடம்புக்குள் போகிற கிருமி அது. வெள்ளை அணுக்களுக்குள் புகுந்துகொள்ளும், ரத்தத் தட்டுகள் குறையும், முற்றினால் எலும்பு மஜ்ஜையையே முடக்கிவிடும். அதே உண்ணி கொண்டுவருகிற பபீசியா என்ற இன்னொன்று சிவப்பணுக்களை நேராகவே உடைக்கும். இரண்டில் எது வந்தாலும் நாக்கு வெளுக்கும். பீட்ரூட்டா இதைத் தடுக்கும்?

எங்கள் நாய்க்கு டாக்சிசைக்ளின் மாத்திரை 28 நாள் கொடுக்கச் சொன்னார்கள். அதற்கு முன்னால் ரத்தம் ஏற்ற வேண்டியிருந்தது. தெருக்கோடி வீட்டு ராஜபாளையம் நாய்தான் கொடுத்தது. நாய்களுக்கும் ரத்த வகை உண்டு, முதல் தடவை ஏற்றும்போது பெரும்பாலும் சிக்கல் வராது என்று டாக்டர் தைரியம் சொன்னார். மேசை மேல் படுத்திருந்த எங்கள் பிள்ளையின் நாக்கு நுனியில் கொஞ்சம் கொஞ்சமாக நிறம் ஏறியதைப் பக்கத்தில் நின்று பார்த்தவள் நான். அதனால்தான் உங்கள் வரி என்னை இப்படிச் சுடுகிறது.

வெளுப்புக்கு உண்ணி மட்டும் காரணமில்லை. குட்டிகளுக்குக் கொக்கிப்புழு குடலில் ரத்தம் குடித்தாலும் வெளுக்கும். ரத்தம் உறையவிடாமல் செய்கிற வகை எலி மருந்தைத் தின்ற நாய்க்கு, தின்ற அன்று ஒன்றும் தெரியாது. மூன்று நான்கு நாள் கழித்து உள்ளே ரத்தம் கசிந்து ஈறு வெளுக்கும். அதற்கு வைட்டமின் கே என்று மாற்று மருந்தே இருக்கிறது, நேரத்தோடு போனால் உயிரைக் காப்பாற்றிவிடலாம். மீந்த குழம்பில் கிடக்கும் வெங்காயமும் பூண்டும் சிவப்பணுக்களைச் சிதைக்கும். சமையல் குறிப்புகளுக்கு முழுப் பக்கம் ஒதுக்கும் தாங்கள் இதை ஒரு வரியாவது போட்டிருக்கலாம்.

மஞ்சள் நிறத்தைப் பற்றிக் கட்டுரையில் பேச்சே இல்லை. மழைக்காலத்தில் எலி மூத்திரம் கலந்த தண்ணீரை நக்கி எலிக்காய்ச்சல் வந்த நாய்க்கு ஈறும் கண் வெள்ளையும் மஞ்சளாகும். அது மனிதருக்கும் தொற்றும். அப்படிப்பட்ட நாயின் மூத்திரத்தை வீட்டுப் பெண்கள்தானே வெறுங்கையால் துடைத்துக் கழுவுகிறார்கள்? எச்சரிக்க வேண்டியது உங்கள் கடமை இல்லையா?

படத்துக்கு வருகிறேன். "ஆக்ஸிஜன் குறைவால் நீலம் பாரித்த நாக்கு" என்று ஒரு படம் போட்டிருந்தீர்கள். அது சௌ சௌ என்ற சீனத்து நாய், பிடரி மயிரைப் பார்த்தாலே தெரியும். அந்த இனத்துக்கு நாக்கே கருநீலம்தான். பிறக்கும்போது இளஞ்சிவப்பாக இருந்து, 8, 10 வாரத்துக்குள் கறுத்துவிடும். ஷார்பெய் என்ற இனத்துக்கும் அப்படித்தான். உண்மையிலேயே மூச்சு முட்டி நீலம் பாரிப்பது வேறு. இதயம் பலவீனமான கிழட்டு நாய்க்கு நுரையீரலில் நீர் கோத்தால் வரும். தொண்டையில் எலும்பு சிக்கினால் வரும். அப்போது கையில் நிமிடங்கள்தான் இருக்கும். அந்த அவசரத்தைச் சொல்ல வேண்டிய இடத்தில் ஆரோக்கியமான நாயின் படத்தைப் போட்டிருக்கிறீர்கள்.

நாக்கில் கரும்புள்ளி இருந்தாலும் சத்துக்குறைவாம். நம் நாட்டு நாய்கள் எத்தனையோ பிறவியிலேயே கரும்புள்ளியோடுதான் இருக்கின்றன. எங்கள் தெருவில் ஒரு பெட்டைக் குட்டியை, கருநாக்கு வீட்டுக்கு ஆகாது என்று கொண்டுபோய்ப் பஸ் ஸ்டாண்டில் விட்டுவிட்டு வந்தார்கள். இப்போது உங்கள் புண்ணியத்தில் அது நோயாகவும் ஆகிவிட்டது. நயாசின் என்ற சத்து இல்லாமல் நாய்க்கு நாக்கு கறுக்கும் வியாதி ஒன்று இருந்தது உண்மை. 1937-லேயே அமெரிக்காவில் அதற்கு மருந்து கண்டுபிடித்துவிட்டார்கள். வாயெல்லாம் புண்ணாகி, எச்சில் நாற்றமடிக்கிற வியாதி அது. பிறவிப் புள்ளிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. புதிதாக ஒரு கறுப்பு தடித்து வளர்ந்தாலோ ரத்தம் கசிந்தாலோதான் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

இது முதல் தடவையும் அல்ல. முன்பொரு இதழில், நாய்க்குக் காய்ச்சல் என்றால் குழந்தைக்குத் தரும் பாராசிட்டமால் போதும் என்று வீட்டுக்குறிப்பு வந்தது. அளவு மீறினால் அந்த மருந்து நாயின் ஈரலைக் கெடுக்கும், ரத்தம் ஆக்ஸிஜனைச் சுமக்க முடியாமல் போய் நாக்கு சாக்லேட் நிறமாகும். பூனைக்கு ஒரே மாத்திரை எமன். அப்போதும் மறுத்து எழுதினேன். பிரசுரமாகவில்லை, பதிலும் இல்லை. அந்தக் கோடையிலேயே சைபீரியன் ஹஸ்கி வளர்ப்பது எப்படி என்று இரண்டு பக்கம் போட்டீர்கள். பனியில் வண்டி இழுக்கப் பிறந்த ஜீவன் அக்கினி நட்சத்திரத்தில் மொட்டை மாடிக் கூண்டில் என்ன பாடுபடும்? நாக்கு செங்கல் நிறமாகி, உடம்புச் சூடு 105 டிகிரியைத் தாண்டி, வலிப்பு வந்து போய்விடும். நிழலுக்குக் கொண்டுவந்து, குழாய்த் தண்ணீரால் உடம்பை நனைத்து, விசிறிக் காற்றில் வைத்து, உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்று அதில் ஒரு வார்த்தை இல்லை.

2005-ல் அஞ்சல் துறை நான்கு இந்திய நாய் இனங்களுக்குத் தபால்தலை வெளியிட்டது. அதில் எங்கள் ராஜபாளையமும் ஒன்று. ஊர்க்காரி என்ற பெருமையோடு அதை ஜன்னலில் இருந்து விற்றிருக்கிறேன். அந்த நாயைப் பற்றித் தங்கள் இதழில் ஒரு பத்தி வந்ததாக எனக்கு நினைவில்லை. ராசிபலனுக்கு வாரம் தவறாமல் பக்கம் இருக்கிறது. வாயில்லாத ஜீவனுக்கு என்று ஒதுக்கிய அரைப் பக்கத்தையாவது, படித்த ஒரு கால்நடை மருத்துவரிடம் காட்டிவிட்டு அச்சுக்கு அனுப்பக் கூடாதா? வேப்பேரியில் 1903-லிருந்து கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. நாமக்கல்லில் இருக்கிறது, திருநெல்வேலியில் இருக்கிறது. கேட்டால் சொல்ல மாட்டோம் என்பவர்களா அவர்கள்?

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. அடுத்த இதழில், அதே பக்கத்தில், அதே எழுத்தளவில் ஒரு திருத்தம் போடுங்கள். பீட்ரூட் வரி தவறு என்றும், நாக்கோ ஈறோ வெளுத்தால் அன்றைக்கே மருத்துவரிடம் காட்டி ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும் என்றும் அதில் இருக்கட்டும். சௌ சௌ படத்தை எடுத்துவிட்டு, நன்றாக இருக்கும் ஒரு நாட்டு நாயின் ஈறும் நாக்கும் தெரிகிற மாதிரி வண்ணப்படம் ஒன்று போடுங்கள். ஓடி வந்து இரைக்கும்போது எந்த நாக்கும் சிவந்துதான் தெரியும், ஓய்வாக இருக்கும்போது பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும் என்று கீழே ஒரு வரி சேர்த்தால் நல்லது. படம் கிடைக்காவிட்டால் எங்கள் சிப்பிப்பாறையின் படத்தை நானே எடுத்து அனுப்புகிறேன். காசு வேண்டாம்.

இந்தக் கடிதத்தைச் சுருக்கித்தான் போட வேண்டும் என்றால், தபால்தலை பற்றியதை வெட்டிவிடுங்கள். எலி மருந்தும் எலிக்காய்ச்சலும் கட்டாயம் இருக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
ராஜபாளையம்.